பச்சை எழுத்துக் கோப்புகள்

கும்சில் மடிக்கணினியைத் துண்டில் சுற்றித் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு, கொரியாவின் குமி நகர ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த பழுதுபார்க்கும் கடையின் படியேறியபோது மணி நாலேகால் ஆகியிருந்தது. பள்ளிச் சமையற்கூடத்தில் அறுநூறு பிள்ளைகளுக்குச் சோறும் சூப்பும் ஆக்கிப் போட்டு, அண்டாக்களைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, ரப்பர் பூட்ஸைக் கழற்றிய கையோடு வந்திருந்தாள். எத்தனை முறை சோப்புப் போட்டாலும் விரலிடுக்கில் பூண்டு வாடை போகவில்லை. மடிக்கணினியை மேசையில் வைத்ததும் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

கடைக்காரி குவோனுக்கு நாற்பது வயதிருக்கும். கிராப்பு வெட்டிய தலை, பஞ்சு வைத்த கையில்லாச் சட்டை. எண்ணெய் அடுப்பின் மேல் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கை ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தாள்.

"என்ன ஆச்சு அக்கா?"

"ஃபைல் தொறக்க மாட்டேங்குது. எங்க வீட்டுக்காரரோடது."

"அவரையே வரச் சொல்லுங்களேன். பாஸ்வேர்டு கீஸ்வேர்டு கேக்கணும்ல. பொண்டாட்டிகிட்ட சொல்லாத பாஸ்வேர்டுதான் எனக்குச் சோறு போடுது."

"அவரு அக்டோபர்ல தவறிட்டாரு."

குவோன் கிழங்கைத் தாளில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். காலால் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க, முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றாள்.

முதலிலிருந்து சொல்ல அதிகம் இல்லை. கும்சிலின் கணவன் தோக்சு, மின்சுற்றுப் பலகை செய்யும் ஆலை ஒன்றில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவன். பலகைகளைத் தொட்டியில் முக்கிக் கழுவும் பிரிவுக்குக் கடைசி எட்டு வருடம் அவன்தான் மேஸ்திரி. போன வருடம் கோடையில் ஈறில் ரத்தம் வந்தது. பல் டாக்டரிடம் போனான். அவர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். ரத்தப் புற்றுநோய் என்றார்கள். பதினாலு மாதம் இழுத்துக்கொண்டு கிடந்தான். அந்தப் பதினாலு மாதமும், கை நடுங்காத நாளெல்லாம், மடிக்கணினியைத் தொடைமேல் வைத்துக்கொண்டு எதையோ எழுதிக்கொண்டே இருந்தான். கும்சில் பக்கத்தில் வந்தால் மூடிவிடுவான். ஒரே ஒரு தடவை, "நான் போனப்புறம் இதையெல்லாம் பிரிண்ட் எடுத்து ஆலோசகர்கிட்ட குடு. நீ படிக்காத" என்று சொன்னான்.

ஆலோசகர் என்றது, தொழிலால் வந்த நோய்க்கு இழப்பீடு கேட்டு மனுப்போடும் மனிதரை. தோக்சு உயிரோடு இருக்கும்போதே மனு போயிருந்தது. தொட்டியில் என்ன திரவம் ஊற்றினார்கள், எத்தனை மணி நேரம் அதன் ஆவியில் நின்றான் என்பதற்கு எழுத்தில் ஏதாவது வேண்டும், வெறும் வாய்ப்பேச்சு நிற்காது என்று ஆலோசகர் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். விசாரணைக்கு டிசம்பர் பத்தாம் தேதி குறித்திருந்தது.

நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்த சனிக்கிழமை தோக்சுவின் தம்பி மன்ஹோ வீட்டுக்கு வந்திருந்தான். அவனும் அதே ஆலையில்தான், கிடங்குப் பிரிவில். அண்ணன் சொல்லித்தான் வேலை கிடைத்தது. கும்சில் அவனிடம் கோப்புகளைப் பற்றிச் சொன்னாள். பிரிண்ட் எப்படி எடுப்பது என்று கேட்டாள். மன்ஹோ மடிக்கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ரொம்ப இழுக்குது அண்ணி. வைரஸ் புகுந்திருக்கு. நான் கொண்டுபோய் விண்டோஸைப் புதுசா போட்டுக் கொண்டாறேன்" என்றான். அவளுக்கு அது பெரிய உபகாரமாகப் பட்டது. அந்த வாரம்தான் குளிர்காலத்துக்கான கிம்ச்சி, முட்டைக்கோஸ் ஊறுகாய், போட்டிருந்தாள். ஒரு வாளி நிறைய அடைத்துக் கொடுத்து அனுப்பினாள்.

மறுநாளே கொண்டுவந்து கொடுத்தான். திறந்தால் திரை பளிச்சென்று இருந்தது. கடவுச்சொல்லே கேட்கவில்லை. தோக்சு பெயரில் இருந்த கோப்புறையும் அப்படியே இருந்தது. தொட்டால், உங்களுக்கு அனுமதி இல்லை என்று வந்தது. மன்ஹோவுக்குப் போன் போட்டாள். "அப்படித்தான் அண்ணி ஆகும். போனது போச்சு, விடுங்க" என்றான்.

"விட்டுட்டீங்களா?" என்றாள் குவோன்.

"ஒரு வாரம் தெனமும் தொறந்து தொறந்து பாத்தேன். பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் சொல்லிக்குடுக்கற வாத்தியாரைக் கேட்டேன். அவருதான் உங்க கடையச் சொன்னாரு."

குவோன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேலையில் இறங்கினாள். "பாருங்க அக்கா, இது ஒண்ணும் பெரிய விஷயமில்ல. வீடு அதேதான், சொந்தக்காரர் பேரு மாறிப்போச்சு. இந்த மெஷினுக்கு உங்க வீட்டுக்காரர் யாருன்னே இப்ப தெரியாது. நீங்கதான் இனிமே ஓனர்னு எழுதிக் குடுத்துட்டா தொறந்துக்கும்." ஏதேதோ தட்டினாள். கறுப்புத் திரையில் வரிகள் ஓடின. பத்து நிமிடத்தில் படங்கள் திறந்துகொண்டன.

கும்சில் எதிர்பார்க்கவில்லை. தோக்சு ஆற்றங்கரையில் தூண்டிலோடு நின்றான். அவள் தம்பி கல்யாணத்தில் கழுத்துப் பட்டையைத் தளர்த்திவிட்டுக்கொண்டு நின்றான். பழைய அடுக்குமாடியின் மாடியில் துணி உலர்த்தும் கம்பிக்குப் பின்னால், கன்னம் உப்பச் சிரித்துக்கொண்டிருந்தான். கடைசியாக அவள் பார்த்த முகத்தில் கன்னமே இருந்திருக்கவில்லை. அவள் கையைப் பையிலிருந்து எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். குவோன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மற்றக் கோப்புறைகளைத் திறந்தபடி போனாள்.

அப்புறம் நின்றாள்.

"இதுல ஒரு ஃபோல்டர்ல பேரெல்லாம் பச்சை எழுத்துல இருக்கு. நாப்பத்தோரு ஃபைல். நீங்க தேடறது இதுதானா?"

"ஆமா. பச்சையாத்தான் இருக்கும். ஆஸ்பத்திரில பாத்திருக்கேன்."

"இது வேற சங்கதி அக்கா. மத்ததெல்லாம் வெறும் அனுமதி. இத உங்க வீட்டுக்காரரு பூட்டி வச்சிருக்காரு. எழுத்தையே கலைச்சு வச்சிருக்கு. ஓனர் பேரை மாத்தினாலும் உள்ள இருக்கறதப் படிக்க முடியாது. பூட்டுனதுக்கு ஒரு சாவி உண்டு. அந்தச் சாவி பழைய விண்டோஸுக்குள்ள இருந்தது. அதத்தான் உங்க கொழுந்தனாரு தூக்கிட்டாரே."

"அப்ப போனதுதானா?"

குவோன் தேடிக்கொண்டே போனாள். பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "புது விண்டோஸை என்னிக்குப் போட்டாரு?"

"போன சனிக்கு முந்தின சனிக்கிழமை எடுத்துட்டுப் போனாரு. மறுநாள் ஞாயித்துக்கிழமை கொண்டாந்து குடுத்தாரு. இன்னிக்கு எட்டு நாள்."

"துடைச்சுட்டுப் போடல. பழசை மூட்டையா கட்டி ஓரமா வச்சுட்டு அதுமேல புதுசு போட்டிருக்காரு. மூட்டை இன்னும் இருக்கு. பத்து நாள் ஆனா மெஷினே அதக் குப்பைன்னு அழிச்சிடும். நீங்க வர்ற வெள்ளிக்கிழமைன்னு தள்ளிப் போட்டிருந்தா உங்களுக்கு ஒரு கப் காபி குடுத்து அனுப்பியிருப்பேன்." எழுந்து ஒரு ஹார்டு டிஸ்க்கை எடுத்து வந்து சொருகினாள். "முதல்ல எல்லாத்துக்கும் ஒரு நகல். அதுக்கப்புறம்தான் மத்தது."

நகல் ஏறிக்கொண்டிருந்தபோது குவோன் மீண்டும் கிழங்கை எடுத்தாள். பாதியைப் பிட்டுக் கும்சிலிடம் நீட்டினாள். கும்சில் வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"சாவி மூட்டைக்குள்ள இருக்கு. ஆனா அந்தச் சாவியையும் அவரோட பாஸ்வேர்டுதான் பூட்டியிருக்கு. என்ன வச்சிருந்தாருன்னு தெரியுமா?"

கும்சிலுக்குத் தெரியாது என்றுதான் முதலில் வாயில் வந்தது. பிறகு ஆகஸ்டு மாதத்து ஒரு பகல் ஞாபகம் வந்தது. இரண்டு கைப்புறங்களிலும் ஊசி குத்தி வீங்கியிருந்த நாள். தோக்சுவால் விரலை மடக்க முடியவில்லை. "நான் சொல்றேன், நீ அடி" என்றான். அவள் முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டிருந்தாள். கீபோர்டை இங்கிலீஷில் வைத்துக்கொண்டே கொரிய எழுத்துகள் இருக்கும் கட்டைகளை அடிக்கச் சொன்னான். அவன் சொன்னது ஒரு சொல். ஆவி இழுக்கும் விசிறி. ஆலைக் கூரையில் இருக்குமே, அது. ஒருத்தன் போயும் போயும் விசிறியை ரகசியமாக வைப்பானா என்று அவள் அப்போது நினைத்தாள். கேட்கவில்லை. சொல்லுக்குப் பின்னால் நாலு எண்.

"எண் ஞாபகமில்ல," என்றாள். "அவரு பொறந்த நாள் இல்ல. என்னோடதும் இல்ல. எங்க ரெண்டு பேரோடதா இருந்தா எனக்கு மனசுல நின்னிருக்கும்."

"நாலு எண்தானே. பத்தாயிரம் தடவை போட்டுப் பாத்தா ஒண்ணு ஒத்துக்கும். நமக்குத்தான் அலுக்கும், மெஷினுக்கு அலுக்காது. அந்தச் சொல்ல மட்டும் சரியா அடிச்சுக் காட்டுங்க."

கும்சில் கிழங்கைக் கீழே வைத்துவிட்டுக் கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள். எழுத்துகள் மனதில் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டதும் விரல்கள் போயின. ஒன்பது கட்டைகள். திரையில் அர்த்தமில்லாத இங்கிலீஷ் எழுத்துகள் ஒன்பது வந்து நின்றன. குவோன் அதைப் படித்துவிட்டு, "விசிறிதான்" என்றாள்.

கும்சில் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கிளம்பும்போது குவோன் வாசல்வரை வந்தாள்.

"இன்னொண்ணு அக்கா. பழைய மூட்டைய முழுக்கச் சோதிச்சேன். வைரஸ்னு ஒண்ணுமே இல்ல."

"கொழுந்தனாருக்குத் தெரிஞ்சிருக்காது," என்றாள் கும்சில்.

"இருக்கலாம்," என்றாள் குவோன்.

மறுநாள் மாலை கும்சில் போனபோது மடிக்கணினி மூடி வைக்கப்பட்டு, துண்டில் பழையபடி சுற்றியிருந்தது. அதன்மேல் ஒரு பென்டிரைவ். குவோன் பேச்சில் முந்தின நாள் கிண்டல் இல்லை.

"தொறந்துடுச்சு. பூஜ்யம் ஒம்பது ஒண்ணு ஏழு. நாப்பத்தொண்ணும் பூட்டில்லாம வேற எடத்துல எழுதிட்டேன், இதுலயும் ஒரு நகல் இருக்கு. சரியா தொறக்குதான்னு பாக்க நான் ஒரு பக்கம் படிக்க வேண்டியதாப் போச்சு. மன்னிச்சுக்குங்க."

"என்ன எழுதியிருக்காரு?"

"வீட்டுக்குப் போய்ப் படிங்க. நின்னுக்கிட்டுப் படிக்காதீங்க."

கூலி எவ்வளவு என்று கும்சில் கேட்டதற்கு, கிம்ச்சி இருந்தால் கொஞ்சம் கொண்டுவாருங்கள் போதும் என்றாள்.

நீ படிக்காத என்று அவன் சொல்லியிருந்தான். பேருந்தில் வரும்போது கும்சில் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் நுழைந்து, தரையைச் சூடாக்கும் கொதிகலனைப் போட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் உட்கார்ந்து முதல் கோப்பைத் திறந்தாள்.

தோக்சு பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதத் திணறியவன். வாழ்த்து அட்டையில்கூட இரண்டு வரிக்கு மேல் எழுதமாட்டான். இதிலும் அலங்காரம் எதுவும் இல்லை. ஆலையில் இருந்த பழைய நாட்களின் தேதி போட்டு, நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தான்.

"மார்ச் நாலு. மூன்றாம் தொட்டிக்கு மேலிருக்கும் விசிறி காலையிலிருந்து ஓடவில்லை. மேலாளரிடம் சொன்னேன். சரக்கு போய்ச் சேரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டே இருந்ததால் அதன் கம்பியை நான் கழற்றினேன்."

"மார்ச் இருபது. புதுத் திரவம் வந்தது. பீப்பாயின் மேல் மண்டையோட்டுப் படம் இருந்தது. வேலை செய்யும் பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று மேலாளர் சொன்னார். நான் மன்ஹோவிடம் சொல்லி அந்தப் படம் ஒட்டிய சீட்டுகளை உரிக்க வைத்தேன். உரித்த சீட்டு ஒன்றின் எண்ணை இங்கே எழுதியிருக்கிறேன்."

"மே இரண்டு. பாதுகாப்புப் பயிற்சி நடந்ததாகப் பதினோரு பேர் கையெழுத்தையும் நானே போட்டேன். ஒரே மாதிரி தெரியாமலிருக்க இரண்டு பேனா வைத்துப் போட்டேன்."

பதினோரு பேரில் ஒருத்தி சோயோன். அந்தப் பெயர் கும்சிலுக்குத் தெரியும். இருபத்திரண்டு வயதுப் பெண். தோக்சுவுக்கு இரண்டு வருடம் முந்தி, இதே நோயில் செத்துப்போனாள். தோக்சு சாவுக்குப் போய்விட்டு வந்து இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தான். நல்ல பிள்ளை, அதனால் மனசு ஆறவில்லை என்று கும்சில் நினைத்திருந்தாள்.

"ஜூலை ஒன்பது. சோயோனுக்கு மூக்கில் ரத்தம். தூக்கம் போதாது, இனிமேல் சீக்கிரம் படு என்று சொல்லித் திரும்ப நிற்க வைத்தேன்."

"செப்டம்பர் பதினேழு. சோயோன் மூன்றாம் தொட்டிப் பக்கத்தில் விழுந்தாள். தூக்கினேன். கனமே இல்லை."

கும்சில் தேதியைத் திரும்பப் பார்த்தாள். பூஜ்யம் ஒன்பது ஒன்று ஏழு. ஆகஸ்டில் கையுறை போட்ட விரலால் அதைத் தான்தான் அடித்தாள்.

அதற்கு அடுத்த வருடத்துக் கோப்பு ஒன்று சிறியது. "சோயோனின் அம்மா ஆலை வாசலுக்கு வந்தார். மகள் கையால் எதைத் தொட்டாள் என்று கேட்டார். சோப்புத் தண்ணீர்தான் என்றேன். அதையே தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அந்தத் தாளை வைத்துத்தான் சோயோன் வீட்டார் போட்ட இழப்பீட்டு மனுவைத் தள்ளினார்கள்."

வெளிச்சம் போய்விட்டது. கும்சில் விளக்கைப் போட எழவில்லை. சோறு வைக்கவும் இல்லை. ஆலையிலிருந்து வந்து, கால் கழுவி, இதே இடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, சோயா விழுதுக் குழம்பில் இன்னும் கொஞ்சம் மிளகாய் போட்டிருக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவன். அந்த நாட்களிலெல்லாம் இது அவனுக்குள் இருந்திருக்கிறது. அவளுக்கு முதலில் வந்தது கோபமில்லை, அருவருப்பு. மீனை முள் நீக்கி அவன் தட்டில் தான் வைத்ததெல்லாம் ஞாபகம் வந்தது.

மன்ஹோவைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. புதன்கிழமை சாயங்காலம் தானே வந்தான். கையில் ஒரு பெட்டி பேரிக்காய். கோப்பு திறந்துவிட்டது என்று அவள் ஆலோசகருக்குப் போன் போட்டிருந்தாள். யார் வழியாகவோ அது அவனுக்கும் எட்டியிருந்தது.

"தொறந்துடுச்சாமே அண்ணி."

"தொறந்துடுச்சு. வைரஸ் இல்லையாம்."

மன்ஹோ செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றான். பேரிக்காய்ப் பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாதவன்போல மாறி மாறிப் பிடித்தான்.

"உள்ள வா. நின்னுக்கிட்டா பேசுவ?"

வந்து உட்கார்ந்தான். கும்சில் பார்லித் தண்ணீர் ஊற்றி வைத்தாள். அவன் தொடவில்லை.

"மேலாளர் கூப்பிட்டுக் கேட்டாரு. உங்க அண்ணன் ஏதாவது எழுதி வச்சிருக்கானான்னு. எனக்குத் தெரியாதுன்னேன். இருந்தா பாத்துக்கன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. எனக்கு ரெண்டு பிள்ளைங்க அண்ணி. பெரியவ வர்ற வருஷம் காலேஜ் போறா."

"அதனால அழிக்க எடுத்துட்டுப் போன."

"ஆமா."

"அழிச்சிருக்கலாமே. ஏன் அழிக்கல?"

அவன் தரையைப் பார்த்தான். "முழுசா துடைக்கவான்னு கேட்டுச்சு. ஆமான்னு ஒரு அமுக்கு அமுக்கியிருந்தா முடிஞ்சிருக்கும். அண்ணன் போட்டோ எல்லாம் அதுலதான இருக்குன்னு தோணிச்சு. கை வரல. மேலால புதுசு போட்டாலே தொறக்காதுன்னு கம்பெனில ஒருத்தன் சொன்னான். போட்டோவும் இருக்கும், அதுவும் தொறக்காதுன்னு நெனச்சேன்."

"நல்லா நெனச்ச. நான் உனக்கு ஒரு வாளி கிம்ச்சி கட்டிக் குடுத்தேன்."

"அண்ணி, திட்டறதுன்னா திட்டுங்க."

"திட்டி என்ன ஆவப்போவுது. சீட்டு உரிச்சது நீன்னு எழுதியிருக்காரு."

மன்ஹோ தண்ணீர்க் குவளையை ஓரமாகத் தள்ளி வைத்தான். பிறகு, ஏற்கெனவே யோசித்து வைத்திருந்ததைச் சொல்வதுபோல, மெல்லச் சொன்னான்.

"எல்லாத்தையும் குடுக்க வேணாம் அண்ணி. திரவம் பேரு இருக்கற பக்கம், அண்ணன் எத்தன மணி நேரம் நின்னாருங்கற பக்கம், அத மட்டும் குடுங்க. உங்க மனு நின்னுடும். மத்தது எதுக்கு? செத்தவரு பேரைக் கெடுத்து யாருக்கு என்ன லாபம்? அந்தப் பொண்ணும் திரும்பி வரப்போறதில்ல."

அவன் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் கும்சிலுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆலோசகரும் போனில் கிட்டத்தட்ட அதையேதான் சொல்லியிருந்தார். முழுதும் போனால் ஆலைக்காரர்கள் குற்றத்தை மேஸ்திரி தலையில் கட்டுவார்கள், பாதி போதும், முடிவு உங்களுடையது என்று. பாதி கொடுத்தால் அவளுக்கு மாதாமாதம் பணம் வரும். மன்ஹோவுக்கு வேலை இருக்கும். தோக்சு நல்லவனாகவே போய்ச் சேர்ந்தவனாக இருப்பான்.

"பேரிக்காயை எடுத்துட்டுப் போ," என்றாள். "பிள்ளைங்களுக்கு அறுத்துக் குடு."

சனிக்கிழமை அவள் பென்டிரைவைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, பேருந்தில் முக்கால் மணி நேரம் போய், பக்கத்து ஊர்ச் சந்தையில் இறங்கினாள். சோயோனின் தாய் இம்சுன் அங்கே தொடுகறிக் கடை வைத்திருந்தாள். எள் இலை ஊறுகாய், பொரித்த நெத்திலி, சோயாவில் வேகவைத்த தாமரைத் தண்டு எல்லாம் தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தது. கும்சில் வாடிக்கையாளர் போகும்வரை ஓரமாக நின்றாள்.

"என்ன வேணும்?"

"நான் தோக்சுவோட வீட்டுக்காரி. கழுவற பிரிவு மேஸ்திரி."

இம்சுன் இடுக்கியைத் தட்டில் வைத்தாள். "அவரும் போயிட்டாருன்னு கேள்விப்பட்டேன். அதே நோயாமே."

"ஆமா."

"வர முடியல. எனக்குச் சாவு வீடுன்னாலே ஆகறதில்ல. நீங்க தப்பா எடுத்துக்காதீங்க."

இந்த மரியாதையைக் கும்சிலால் தாங்க முடியவில்லை. கைக்குட்டையை அவிழ்த்து மேசையில் வைத்து, மனதில் வரிசைப்படுத்தி வைத்திருந்ததையெல்லாம் மறந்துவிட்டு, "இதுல எல்லாம் இருக்கு. சோப்புத் தண்ணி இல்ல. அவரு பொய் சொன்னாரு" என்றாள்.

பிறகு நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். விசிறி, மணியின் கம்பி, உரித்த சீட்டு, இரண்டு பேனா, ஜூலை ஒன்பது. எதையும் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு கிழவர் வந்து நெத்திலி கேட்டார். இம்சுன் அவருக்கு நிறுத்துப் போட்டு, மீதிச் சில்லறை கொடுத்து அனுப்பிவிட்டுத் திரும்பினாள்.

"எங்க பொண்ணு சாவுக்கு வந்திருந்தாரு."

"ஆமா."

"அப்பவே தெரியுமா அவருக்கு?"

"தெரியும்."

"உக்காந்து சூப்பு சாப்பிட்டாரு. நான்தான் கொண்டுபோய் வச்சேன். பாவம், பிள்ளைங்க மேல பாசமான மனுஷன்னு நெனச்சு ரெண்டாவது தடவையும் ஊத்துனேன். அதையும் சாப்பிட்டாரு."

கும்சில் காலிக் கைக்குட்டையை நாலாக மடித்தாள்.

"நீங்க எதுக்கு வந்தீங்க? மன்னிப்பு கேக்கவா?"

"இல்ல. இதக் குடுக்க வந்தேன். உங்க மனுவைத் திரும்பப் போடலாம்னு ஆலோசகர் சொல்றாரு. அவரு நம்பரும் எழுதியிருக்கேன்."

இம்சுன் பென்டிரைவை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். கல்லாப் பெட்டிக்குள் போடப் போனவள் மாற்றிக்கொண்டு உள்சட்டைப் பையில் போட்டாள்.

"போங்க," என்றாள். "எனக்கு இப்ப கத்தணும்போல இருக்கு. ஆனா சந்தைல எல்லாருக்கும் என்னத் தெரியும். போயிடுங்க."

கும்சில் நாற்பத்தொன்றையும் ஆலோசகரிடம் கொடுத்தாள். ஆலோசகர் பயந்தபடியேதான் நடந்தது. மணியின் கம்பியைக் கழற்றியது இறந்தவர்தான், பயிற்சிக் கையெழுத்தும் அவர் கள்ளத்தனமாகப் போட்டதுதான், நிர்வாகத்துக்கு எதுவும் தெரியாது என்று ஆலைத் தரப்பில் எழுதிக் கொடுத்தார்கள். உள்ளூர்ச் செய்தித்தாளில் அவன் பெயரைப் போடாமல் மேஸ்திரி என்று மட்டும் போட்டார்கள். பள்ளிச் சமையற்கூடத்தில் எல்லாருக்கும் அது யாரென்று தெரிந்துவிட்டது. அவளோடு முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தவள், சோயோனின் பெரியம்மா மகளாம், வேறு மேசைக்கு மாறிக்கொண்டாள். யாரும் முகத்துக்கு நேரே எதுவும் சொல்லவில்லை. சாப்பாட்டு வேளையில் அவள் பக்கத்து நாற்காலி மட்டும் காலியாகவே இருந்தது.

மன்ஹோவை வசந்தத்தில் வேறு ஊர்க் கிடங்குக்கு மாற்றினார்கள். இரண்டு மாதத்தில் அவனே வேலையை விட்டுவிட்டு, குடும்பத்தோடு கடலோரப் பக்கம் போனான். டிசம்பரைத் தாண்டி இழுத்த விசாரணையில் அவனைக் கூப்பிட்டபோது மட்டும் வந்தான். சீட்டு உரித்தேன், அண்ணன் சொல்லி உரித்தேன், அண்ணனிடம் மேலாளர் சொல்லும்போது நானும் நின்றிருந்தேன் என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த ஒரு வாக்கியம் இல்லாமலிருந்தால் மேலாளரை யாரும் தொட்டிருக்க முடியாது என்று ஆலோசகர் பின்னால் சொன்னார். அண்ணனின் முதல் வருடச் சடங்குக்கு மன்ஹோ வரவில்லை. கும்சிலும் கூப்பிடவில்லை. தனியாகப் படையல் பலகை போட்டு, சோறும் மீனும் வைத்து, படத்துக்கு முன்னால் இரண்டு முறை விழுந்து வணங்கினாள். எழுந்திருக்கும்போது அவன் முகத்தைப் பார்த்தாள். அவனிடம் கேட்க வேண்டியதெல்லாம் வரிசையாக இருந்தது. மீனை எடுத்து மூடி வைத்தாள்.

சோயோனின் மனு பதினாறு மாதம் கழித்து ஏற்கப்பட்டது. தோக்சுவினுடையது அதற்குப் பின்னும் தேங்கிக் கிடந்து, முதல் தடவை தள்ளப்பட்டு, மறுபரிசீலனையில் நிற்கிறது. கழுவும் பிரிவில் வேலை பார்த்த இன்னும் மூன்று பெண்கள் அந்த நாற்பத்தொரு கோப்புகளை வைத்து மனுப்போட்டிருக்கிறார்கள். ஒருத்தி மருத்துவமனையில் இருக்கிறாள்.

சோயோன் மனுவின் முடிவு வந்த அன்று மத்தியானம், கும்சில் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது கைபேசியில் ஒரு செய்தி வந்தது. தெரியாத எண். "ஏத்துக்கிட்டாங்க. சோயோன் அம்மா." அதற்குமேல் ஒன்றும் இல்லை. கும்சில் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு மூன்று நான்கு விதமாகப் பதில் எழுதிப் பார்த்தாள். எழுதியதையெல்லாம் அழித்துவிட்டு, "சரிங்க" என்று மட்டும் அனுப்பினாள். அனுப்பிய செய்தியை இம்சுன் பார்த்துவிட்டாள் என்று சின்னதாகக் காட்டியது. பதில் வரவில்லை. இன்னும் நாலு அண்டா பாக்கியிருந்தது.